சாம்பிளுக்கு மாறாத பிளக்

அருள்செல்வன் என்கிற பேரை இந்துமதி முதன்முதலில் கேட்டது, ஒரு பனியனின் கழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். பல்லடம் ரோட்டுக் கம்பெனியில் அவள் செக்கிங்குக்குச் சேர்ந்த புதுசு. கழுத்துப்பட்டை ஒரு நூல் அகலம் கூடிப்போச்சோ என்று சந்தேகம். மேற்பார்வை பார்க்கிற அம்மாவிடம் காட்டினாள். அந்தம்மா துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாம்பிள் ரூமுல அருள்செல்வன்னு இருப்பாரு, அவருகிட்டக் கொண்டு போ கண்ணு. அவரு சரின்னா கப்பலேறும். மாறுதுன்னா கழிவுல போகும்" என்றாள்.

சாம்பிள் ரூமில் ஒல்லியாக, உசரமாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவள் நீட்டியதை உடனே பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மாதிரிப் பனியனைப் பாலித்தீன் உறையிலிருந்து பூப்போல எடுத்து விரித்தார். அதன் மேலே இவள் கொண்டுவந்ததை வைத்தார். கட்டைவிரலைக் கழுத்தோரமாக ஒரு சுற்று ஓட்டினார். "மாறுதுங்க" என்றார். நேற்று வந்த செக்கிங் பெண்ணிடம்கூட 'ங்க' போட்டுப் பேசினாரே என்பதுதான் இந்துமதிக்கு வெகுநாள் மனசில் நின்றது.

பேர் தெரிந்துவிட்டால் ஆளைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் எத்தனை நேரம் ஆகும்? சேவூருக்கு வடக்கே தோட்டம் வைத்திருந்தாரே வெள்ளியங்கிரி, அவருடைய ஒரே பையன். வெள்ளியங்கிரியின் தங்கச்சி பெரியாத்தாளைக் கட்டிக்கொடுத்தது இந்துமதியின் பெரியப்பனுக்கு. குலக் கூட்டமும் வேறே, கட்டிக்கிற முறையும் சரி. பெரியாத்தாளே முன்னால் நின்று பேசி முடித்துவைத்தாள். அப்போது இந்துமதியின் அண்ணன் தங்கராஜ் சேவூரில் ஒரு தகரக் கொட்டகையில் நாலு நிட்டிங் மெஷினை வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவரே நூல் கோன் சுமந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் பார்க்கிறவர் என்று சொந்தபந்தம், ஒறம்பரையிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். காலம் போகப் போக மெஷின்கள் பெருகின. கொட்டகை கம்பெனியாச்சு. மாப்பிள்ளை மட்டும் அதே சாம்பிள் ரூமில் அதே நாற்காலியில் இருந்தார். அதில் அவருக்குக் குறையும் இல்லை.

கம்பெனிப் பழக்கம் ஊட்டுக்கும் வந்துவிட்டது. மாதிரி கையில் இல்லாமல் அருள்செல்வன் கடைக்குப் போகமாட்டார். சோப்புத் தீர்ந்தால் சோப்பு உறை வேணும், குழாய் வாசர் போனால் பழைய வாசர் வேணும். "பொண்ணுப் பாக்க வந்தப்பவும் பையில ஒரு சாம்பிள் கொண்டுட்டு வந்தீங்களா?" என்று இந்துமதி கேட்டால், "கொண்டாந்திருந்தா உன்னய அப்பவே மாறுதுன்னு சொல்லியிருப்பனே" என்பார். மகள் தேஜஸ்ரீ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த ஊட்டில் சிரிப்பு இருந்த நாள்கள் அவை.

அமெரிக்காவில் வரி ஏற்றிவிட்டார்கள் என்று பேச்சு வந்த வருசம், வந்த ஆர்டரெல்லாம் பாதியில் நின்றது. முதலில் நைட் ஷிப்டு போச்சு. பிறகு தையல் வரிசைகள் ஒவ்வொன்றாய் இருட்டாச்சு. தைக்கவே ஆளில்லாத இடத்தில் மாதிரி பார்க்கிறவருக்கு என்ன வேலை? முதலாளி கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு, "ஆர்டர் வந்தா மொதல்ல உங்களைத்தானுங்க கூப்புடுவேன்" என்று அனுப்பிவைத்தார். கூப்பிடவில்லை.

அந்த ஆடியில் குலதெய்வக் கோயிலில் கெடாவெட்டு. பந்தி நடக்கிறது. ஒறம்பரை முழுக்க இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தங்கராஜ் தானே கறி பரிமாறிக்கொண்டு வந்தவர் அருள்செல்வன் இலையருகே நின்றார்.

"மாப்பிள்ளை, சும்மா ஊட்டுல உக்காந்திருக்கறதுக்கு நம்ம கம்பெனிக்கு வந்திருங்க. கேட்டுல ஒரு ஆளு வேணுமுங்க. வர்ற வண்டி போற வண்டியப் பாத்துக்கிட்டு, நிழல்ல சேர் போட்டு உக்காந்துக்கலாமுங்க. நம்ம ஆளா இருந்தா எனக்கும் நெஞ்சுக்கு நிம்மதி."

மனசில் கள்ளமில்லாமல்தான் சொன்னார். ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் கம்பெனிக் கேட்டில் நின்று மச்சானுடைய காருக்குக் கதவு திறந்துவிடுகிற ஆள், நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்க எந்த ஊட்டுப் படியேறுவார்? அருள்செல்வன் இலையைப் பார்த்தபடியே, "பாக்கலாமுங்க மச்சான்" என்றார். அப்புறம் கறியைத் தொடவில்லை. இந்துமதி எதிர்ப் பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுசன் என்ன பாடுபட்டாலும் அந்தக் கேட்டுக்குப் போகமாட்டார் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பி.எஃப். பணம் வந்ததும் உடுமலைப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய குட்டியானையை வாங்கிவந்தார். கேஸில் ஓடுகிற சின்ன லாரி. பேக்கரிக்காரர் ஒருத்தர் டீக்கடை டீக்கடையாகப் பன்னு போட்டுக்கொண்டிருந்த வண்டி. எத்தனை தண்ணி ஊற்றிக் கழுவியும் பின்பக்கம் பன்னு வாசம் போகவில்லை. திருப்பூரில் லோடு ஏற்றுகிற பசங்க, "பன்னு அண்ணன் வந்துட்டாரு, டீ சொல்லுங்கடா" என்று கேலி பேசினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வெட்டின துணிக் கட்டுகள், அட்டைப்பெட்டிகள் என்று லேசான சாமான்களாக ஊருக்குள்ளேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வண்டிதான் மிஸ்ஸிங் அடித்தது. ஏத்தம் வந்தால் இருமும். கிளட்சை விட்டால் குலுங்கும். ஆனாலும் அவர் வண்டி, அவர் சாவி.

தங்கராஜுக்கு இது காதில் விழாமல் இருக்குமா? ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நம்ம கம்பெனி ஓட்டத்தையே நீங்க எடுத்துக்குங்க. சேவூர்ல இருந்து டையிங்குக்குத் துணி போகோணும், சாயம் போட்டு வரோணும். தெனமும் உண்டுங்க. நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "வண்டி ஓடுமுங்களா? இல்ல நாங்க வந்து தள்ளோணுமுங்களா?" என்று சிரித்தார்.

"ஓடுமுங்க மச்சான்" என்றார் அருள்செல்வன். போனை வைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். இந்துமதியும் கூட ஏறிக்கொண்டாள். இந்த ஓட்டம் நின்றால் அப்புறம் அந்தக் கேட்டு வேலைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டறைக்காரன் பிரபாகர் சாத்தூர்ப் பக்கத்துப் பையன். என்ஜினிலிருந்த இரண்டு பிளக்கையும் கழற்றிப் பனியன் வேஸ்டில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். முனை மழுங்கித் தேய்ந்துபோயிருந்தது.

"இதான் அண்ணாச்சி சீக்கு. புதுசு போட்டா வண்டி எந்திரிச்சிரும். ஆனா இதே பிளக்கு வேண்டாம்."

"ஏனுங்க தம்பி?"

"இது சூட்ட உள்ளயே வச்சுக்கிடுற பிளக்கு. மெதுவா, நின்னு நின்னு போறவனுக்குக் கரி பிடிக்காம இருக்கும். கேஸ் வண்டில பாரத்தை ஏத்தி வெரட்டுனா முனை பழுத்துப்போயி, பிஸ்டன் வெந்துரும். உங்களுக்குச் சூட்டை வெளிய தள்ளுற பிளக்கு வேணும். கோயமுத்தூர்ல சொன்னா நாளன்னிக்கு வந்துரும்."

"நாளைக்கே ஓட்டமுங்க தம்பி."

பிரபாகர் ஒரு தகர டப்பாவைக் கிளறி, வேறு வண்டியில் கழற்றின பழைய பிளக் ஒன்றை எடுத்து நீட்டினான். "இந்தா பாருங்க, இந்த ரகம்." அருள்செல்வன் இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தார். நீளம் ஒன்று. மரை ஒன்று. தலை ஒன்று. முனைக்குள்ளே தெரிகிற வெள்ளைப் பீங்கான் மட்டும் பழசில் நீளம், இதில் குட்டை. கட்டைவிரலை இரண்டின் மேலும் ஓட்டினார். அந்த விரல் ஓடுவதைப் பார்த்ததுமே இந்துமதிக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துபோச்சு.

"மாறுதுங்க" என்றார்.

"மாறத்தானே அண்ணாச்சி செய்யும்? மாறணும்னுதானே நானும் சொல்லுதேன்!"

"வண்டியோட வந்தது இதுங்க தம்பி. இத வச்சுத்தான் இத்தன வருசம் ஓடியிருக்குது. அப்ப இதுதானுங்க அப்ரூவ்டு."

"யாரு அப்ரூவ் பண்ணுனது, பன்னுக் கடைக்காரரா?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அருள்செல்வன் முகம் சுண்டிப்போச்சு. எத்தனை கப்பல் துணி அவர் வாய்ச்சொல்லில் போயிருக்கும். ஒரு தடவைகூட மாதிரியை மீறி அவர் சரி என்று சொன்னதில்லை. இந்துமதி மெல்ல அவர் பக்கம் நகர்ந்தாள்.

"ஏனுங்க, அந்தத் தம்பி சொல்றதையுந்தான் கேளுங்களே. ரெண்டு நாள் பொறுத்துக்கோன்னு அண்ணங்கிட்ட நான் வேணா சொல்றனுங்க."

அந்தப் பேச்சு வராமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர் யோசித்திருப்பார். மச்சானிடம் தவணை கேட்பதா? முதல் நாளே வண்டி நிற்கிறது என்று சொல்வதா? பழைய பிளக்கை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்கு நடந்துவிட்டார். கடைக்காரர், "வண்டி மாடல் சொல்லுங்க, புக்குல பாத்து எடுத்துத் தர்றேன்" என்றார். "புக்கெதுக்குங்க, சாம்பிள் இருக்குதுங்க" என்று மேசைமேல் வைத்தார் இவர். கடைக்காரர் அதேபோல இரண்டை எடுத்துப் போட்டார். ஒரு முடி மாறவில்லை. பிரபாகர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே மாட்டிக் கொடுத்தான்.

வண்டி உண்மையிலேயே எழுந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சாவியைத் திருப்பினதும் பிடித்தது, இருமல் போச்சு, ஏத்தத்தில் கியர் மாற்றாமல் ஏறியது. சேவூருக்கும் டையிங்குக்குமாய் பின்னல் துணிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு அருள்செல்வன் போவதும் வருவதுமாக இருந்தார். ஊட்டுக்கு வந்தால் வாய் நிறையப் பேச்சு. இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டே ராத்திரிச் சோற்றை இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். தங்கராஜ் போனில், "வண்டி கன்னுக்குட்டியாட்டம் வருதாமுங்களே மாப்பிள்ளை" என்றபோது, இந்துமதியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவர் நடந்ததை அவள் கடைசியாகப் பார்த்தது அந்த நாள்களில்தான்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. டையிங்கில் துணி காயவைக்கிற மெஷின் ரிப்பேர். சாயம் போட்ட துணியை ஈரத்தோடு பெருந்துறைப் பக்கம் கொண்டுபோய் வேறொரு கம்பெனியில் காயவைக்க வேணும். "ஈரத்துணிங்க மாப்பிள்ளை, பாரம் சாஸ்தி. தூரமும் சாஸ்தி. வேற வண்டி சொல்லட்டுங்களா?" என்று தங்கராஜ் கேட்கத்தான் செய்தார். "எதுக்குங்க, நம்ம வண்டி போகுமுங்க" என்றார் அருள்செல்வன். இறக்கும்போது உருப்படி சரிபார்க்க ஆள் வேணுமே என்று இந்துமதியையும் கூட்டிக்கொண்டார்.

கருநீலத் துணி. வெளிநாட்டில் சின்னக் குழந்தைகள் போடுகிற சட்டைக்காம். பெருமாநல்லூர் தாண்டிப் பைபாஸில் ஏறியதும் வண்டி விசையாகப் போச்சு. வெயிலில் கண் கூசியது. மேம்பாலத்து ஏத்தத்தில் பாதி போனபோது என்ஜினுக்குள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. "என்னங்க அது?" என்றாள். அவர் காது கேளாதவர் மாதிரி மிதித்தார். சத்தம் வலுத்தது. படாரென்று ஒன்று. பின்னால் வெள்ளைப் புகை. இழுவை செத்து, வண்டி தானாக ஓரத்துக்கு வந்து நின்றது.

சூடு ஆறும்வரை நின்று, பிளக்கைக் கழற்றினார். முனை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. உருகிச் சின்ன மணிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

"அண்ணனுக்குப் போன் பண்ணுங்க. துணி ஈரத்தோட கெடக்குதுங்க" என்றாள் இந்துமதி.

"பண்ணலாம்."

"வெயில் ஏறுதுங்க."

"பண்ணலாமுன்னு சொல்றனல்ல!"

அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அபூர்வம். போன் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. பிரபாகருக்குக்கூடக் கூப்பிடவில்லை. போகிற வண்டிகளை மறித்து, வேறு குட்டியானை கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். மச்சான் காதுக்குப் போகாமல் துணியைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தார். நின்ற ஒன்றிரண்டு வண்டியும் லோடோடு இருந்தன. நிழல் வண்டிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. மேலே கிடந்த சுருள்கள் விளிம்பில் காயத் தொடங்கின, மடிப்புக்குள்ளே ஈரம் நின்று புழுங்கியது. இந்துமதி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். சாய வாடை அடித்தது. அவளும் செக்கிங் பார்த்தவள்தானே. மடிப்பு மடிப்பாகக் கறை விழும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அவளே அண்ணனுக்குக் கூப்பிட்டாள்.

தங்கராஜ் வேறு வண்டியோடு வந்து இறங்கினார். திட்டவில்லை. ஒரு சொல்கூடக் கடுமையாகச் சொல்லவில்லை. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். "எத்தன நேரமாச்சுங்க மாப்பிள்ளை நின்னு?" என்று மட்டும் கேட்டார். அருள்செல்வன் உருகின பிளக்கைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. அம்மிணி, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடு" என்று தன் கையாலேயே பாட்டிலை எடுத்து நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இந்துமதிக்குத் தோன்றியது.

பட்டறையில் பிரபாகர் என்ஜினைத் திறந்தான். பிஸ்டனின் தலையில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. வண்டியை விற்ற உடுமலைப் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விசாரித்தார்கள். அவர் ஒளிக்கவில்லை. "கம்பெனி பிளக்கு கரி பிடிச்சுக்குதுங்க. கடைகடையா நிக்கிற வண்டியல்லங்களா? எங்க மெக்கானிக்குதான் சூடு சாஸ்தியான ரகம் மாத்திப் போட்டானுங்க. பன்னுக்கு அதுவே போதுமுங்க. ஏனுங்க, நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார். மாதிரி என்று இவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததே வேறு யாரோ மாற்றிப் போட்டது. பிரபாகருக்குச் சொல்லிக்காட்ட எத்தனையோ இருந்தது. சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். என்ஜினைச் சரிபண்ணக் கையில் பணமில்லாமல் வண்டி பட்டறையிலேயே நின்றுபோச்சு.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கறை விழுந்த துணியைத் திரும்பவும் சாயத்தில் போட்டெடுத்தார்கள். காய்ந்து வந்ததும் தங்கராஜ் ஆளனுப்பி அருள்செல்வனைச் சேவூருக்கு வரச்சொன்னார். இந்துமதியும் போனாள். ஆபீஸ் மேசையில் அந்தத் துணியில் ஒரு துண்டும், வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்ட கலர் அட்டையும் கிடந்தன.

"எனக்குச் சரியாட்டமாத்தான் தெரியுதுங்க. பசங்களும் சரிங்கறானுக. ஆனா உங்க கண்ணு மாதிரி வராதுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்க சரின்னா ஏத்தியுடறேன்."

அருள்செல்வன் துண்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நடந்தார். குழல்விளக்கில் கலர் பார்ப்பது அவருக்கு ஆகாது. இந்துமதி எழுந்து பின்னாலேயே போனாள். சரி என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் வாய்வரைக்கும் வந்தது. மச்சானுக்கு அது எவ்வளவு பெரிய லாட் என்று அவருக்குத் தெரியும். சரியென்றால் தன்மேல் விழுந்த பழியும் அதோடு கழுவிப்போகும். துண்டைத் திருப்பினார், சாய்த்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் கிட்டக் கொண்டுவந்தார். உள்ளே வந்து இரண்டையும் மேசையில் வைத்தார்.

"மாறுதுங்க மச்சான்."

"கொஞ்சமாங்களா, நெறையவா?"

"மாறுதுங்க."

தங்கராஜ் துண்டையும் அட்டையையும் எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். "சரிங்க மாப்பிள்ளை. காப்பி சாப்புட்டுப் போங்க" என்றார். அந்த லாட் முழுக்க உள்ளூர்ச் சந்தைக்குக் கழிவு விலையில் போச்சு என்று பிறகு ஒறம்பரை வழியாகக் காதுக்கு வந்தது.

ஐப்பசியில் தங்கராஜ் ஒரு தடவை ஊட்டுக்கு வந்தார். தேஜஸ்ரீயின் படிப்பைப் பற்றிக் கேட்டார். "நல்லாப் படி சாமி" என்றார். மழை பற்றிப் பேசினார். பெரியாத்தாளுக்கு முழங்கால் வலி என்றார். அருள்செல்வன் எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று இந்துமதிக்குப் புரிந்துபோச்சு. அந்தக் கேட்டு வேலையை மச்சான் இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லமாட்டாரா என்றுதான். தங்கராஜ் டம்ளரைக் கீழே வைத்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "வரட்டுங்களா மாப்பிள்ளை?" என்றார். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கார் திரும்பும்வரை இவர் வாசலில் நின்றார்.

"நீயாச்சும் கேட்டிருக்கலாமல்ல" என்றார் உள்ளே வந்து. இந்துமதி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அருள்செல்வன் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் துணி காயவைக்கிற மெஷினில் ஈரத்துணி தூக்கிப் போடுகிறார். வடக்கத்திப் பசங்களோடு கம்பெனி ரூமிலேயே தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊட்டுக்கு வருகிறார், சில வாரம் வருவதில்லை.